நாலு சவுக்குக் கம்பு

“பிரேக்கு, அண்ணாத்த, பிரேக்கு!”

ஜெபகுமார் கத்தி முடிப்பதற்குள் மாருதி நான்காவது தடவையாகச் சவுக்குக் கம்பைச் சாய்த்துவிட்டது. இறங்கிப் போய்க் கம்பை எடுத்து மறுபடியும் மண்ணில் நட்டான். இடுப்பு விட்டுப்போயிற்று. காலையிலிருந்து செங்கல்பட்டு வெயிலில் இதே பிழைப்பு.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சதாசிவம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மாமல்லபுரம் ரூட்டில் இருபத்தாறு வருஷம் பஸ்ஸிலேயே கிடந்த மனிதர். முதலாளி பஸ்ஸை விற்றதும் வீட்டோடு முடங்கிவிட்டார்.

லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார் என்று ஜெபகுமாரே முடிவுகட்டிக்கொண்டான். அந்தத் தைரியத்தில் ஒரு மாச டிரைவிங் வகுப்பைப் பத்து நாளாகச் சுருக்கினான். நாவலூரில் ஒரு மேனேஜர் வீட்டு டிரைவர் வேலைக்கும், “பழைய பஸ் கை சார், கண்ண மூடிக்கினு சேத்துக்கலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

“நாளைக்கு டெஸ்ட்டு. நாலு கம்புக்கு நடுவுல வண்டி நிக்கலன்னா அந்த வேல வேற ஆளுக்குப் பூடும். எம் பேரும் நாறிடும்.”

“தெரியுது தம்பி. இத வுட்டா இந்த வயசுல எனக்கு எவன் வேல குடுப்பான்? இன்னொரு வாட்டி பாக்கலாம்.”

முன்னால் ஓட்டுவது ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் உயிரை வாங்கியது. கியர் விழுந்ததுமே அவர் கை சட்டைப் பையைத் தடவும், உதடு குவிந்து வெறும் காற்று வரும். கண்ணாடியை மட்டும் பார்க்கவே மாட்டார். பயத்தில் மூச்சு வாங்குகிறார், பாவம் என்று ஜெபகுமாருக்கு இரக்கமாக இருந்தது.

ஐந்தாவது தடவையும் கம்பு சாய்ந்தது. கோபப்படக்கூட ஜெபகுமாருக்குத் தெம்பில்லை. கம்பை எடுக்காமல் கார் நிழலிலேயே குந்திவிட்டான்.

“ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத அண்ணாத்த. இந்தத் துக்கிளியூண்டு வண்டிக்கே இவ்ளோ பேஜாரா கீதே, அம்மாம் பெரிய பஸ்ஸ தெனம் ஸ்டாண்டுல எப்படித்தான் ரிவர்ஸ் எடுத்த?”

சதாசிவம் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார்.

“அத டிரைவரில்ல எடுப்பாரு? நான் பின்னால நின்னு விசில் ஊதுவேன்.”