ஊர் வீட்டுக் குலுக்கல்

கனடாவில் ஸ்காபரோ தாய்மண் மாதர் சங்கத்துக்கு வெள்ளி விழா. தலைவி சந்திரவதனா, வருடா வருடம் போல இம்முறையும் மேடையில் கண் கலங்கினார்.

"எப்ப எண்டாலும் என்ர கட்டை ஊரிலதான் வேகவேணும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

சங்கத்தைக் கௌரவிக்க வந்திருந்த டொக்டர் இராஜரட்ணம் உருகிப்போய் எழுந்தார்.

"யாழ்ப்பாணத்தில என்ர வீடு சும்மா பூட்டிக் கிடக்கு. குலுக்கலில வெல்லுற ஆளுக்கு எழுதித் தாறன். ஆனா, அங்க போய் நிரந்தரமா இருக்கவேணும். அவரவர் தங்கட பேரை எழுதி இந்தக் குடத்துக்குள்ள போடுங்கோ."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பேனாக்கள் ஓடின. சந்திரவதனாவும் எழுதி, நாலாய் மடித்துப் போட்டார்.

செயலாளர் புஸ்பராணி ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"எங்கட தலைவி அக்காதான்!"

சந்திரவதனா குடத்தை எட்டிப் பார்த்தார். "வடிவாக் குலுக்கேல்லைப் போல. இன்னொருக்கா எடும்."

அதிலும் அவர் பெயர்தான். அடுத்ததிலும்.

"உதென்ன விளையாட்டு?" என்று குடத்தைப் பறித்து மேசையில் கவிழ்த்தார். எல்லாச் சீட்டிலும் சந்திரவதனா. ஒன்றில் மட்டும் புஸ்பராணி.

புஸ்பராணி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உது உங்கட கையெழுத்தெல்லோ, அக்கா?"