வெறும் கெண்டைக் குஞ்சு

“மேடம் வாயைத் திறந்தா போதும், அந்த மீனோட தலையெழுத்தே மாறிடும்.”

கண்ணாடித் தொட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ சொன்னது, இந்தப் பக்கம் நின்ற ஆராய்ச்சி மாணவியின் காதில் விழுந்தது. அவளுக்கே பட்டம் கொடுத்த மாதிரி பெருமையாக இருந்தது.

மேடம் அவளுடைய பேராசிரியை. மீன் என்றால் மேடம், மேடம் என்றால் மீன். இவளுக்குக் கடையில் ‘மேடத்தோட நிழல்’ என்று பெயர். நிழல் பேசி யாரும் கேட்டதில்லை.

அலங்கார மீன் கடையில் அன்று வண்ணமீன் வளர்ப்போர் சங்கமே திரண்டிருந்தது. கடைக்காரர் ஒரு தொட்டியைத் தனியாக வைத்து, விளக்குப் போட்டு, துணியால் மூடியிருந்தார். மந்திரி கல்வெட்டைத் திறக்கிற தோரணையில் துணியை விலக்கினார்.

உள்ளே விரல் நீளத்தில் ஏழெட்டு மீன்கள்.

மாணவி தொட்டியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

மூக்கிலிருந்து நடு உடம்புவரை சிவப்புக் கோடு. வாலடியில் கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி மஞ்சள் வளையம். அவள் படத்தில் மட்டுமே பார்த்த மீன். அதைத் தேடித்தான் இரண்டு வருடமாக ஓடை ஓடையாக அலைந்து, அட்டைகளுக்கு ரத்ததானம் செய்துகொண்டிருந்தாள். அது கிடைக்காமல் அவள் ஆராய்ச்சி முடியாது. ஆராய்ச்சி முடியாமல், “இன்னுமா படிக்கிறா?” என்று கேட்கும் சித்திகளின் வாய் மூடாது.

“அந்த மஞ்சள் வளையத்தைப் பார்த்தா எழுந்து நின்னு சலாம் போடுங்க” என்று வகுப்பில் சொன்னதே மேடம்தான்.

“பேரை மட்டும் சொல்லுங்க மேடம்.” கடைக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். “நீங்களே சொல்லிட்டா வெளிநாட்டுக்காரன் கண்ணை மூடிட்டு வாங்குவான். பழைய பாலத்துக்குக் கீழ ஓடைல என் மச்சான் கையாலயே அள்ளியிருக்கான். நாளைக்கே ஆளுங்களை வலையோட இறக்கிடறேன்.”

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். சங்கத்தில் ஒருவரும் இருமவில்லை.

“கெண்டைக் குஞ்சு.”

“என்ன மேடம்?”

“வெறும் கெண்டைக் குஞ்சு, தம்பி. வாய்க்கால்ல மண்டிக் கிடக்கும்.”

“அந்தச் சிவப்பு?”

“தண்ணில இரும்புச் சத்து. ரெண்டு வாரத்துல வெளுத்துடும்.”

முதலாண்டு மாணவன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் மேடம் விடைத்தாளை அவன் முகத்திலேயே எறிந்திருப்பார்.

நிழல் முதன்முறையாக வாயைத் திறந்தது. “மேடம்... அந்த மஞ்சள் வளையம்...”

“உனக்கு இன்னும் பார்க்கவே தெரியலை. சும்மா இரு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகத்தில் ஏறிய சிவப்பு, இரண்டு வாரத்தில் வெளுக்கிற ரகமில்லை.

கடைக்காரர் விளக்கை அணைத்தார். மேடத்தின் மேலிருந்த மரியாதையும் அதோடு அணைந்தது. “இதுக்குப் போய் கரண்டை வேற வீணாக்கினேனே! பெரிய மீனுக்குத் தீனியா போட வேண்டியதுதான்.”

“எனக்குக் கொடுத்துடுங்க தம்பி. வீட்டுத் தண்ணித் தொட்டில ஒரே கொசுப்புழு.”

“தாராளமா! ஓசிதான், எடுத்துட்டுப் போங்க.”

ஓஹோ! மாணவிக்கு அப்போதுதான் விளங்கியது. மேடத்துக்குக் கண் பழுதில்லை, மனசுதான் பழுது. கடைக்காரரை ஏமாற்றி, மாணவியின் வாயை அடைத்து, மீனைப் பையில் கட்டியாயிற்று. இனி ஆராய்ச்சிக் கட்டுரை வரும். மேடம் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். கொசுப்புழுவாம், கொசுப்புழு!

காரில் மீன் பை அவள் மடியில்தான் இருந்தது. களவுப் பொருளைச் சுமக்கிற பாக்கியமும் நிழலுக்கே.

போனை எடுத்தாள். சங்கத்தின் குழுவில் அதற்குள் கும்மாளம். “மேடத்துக்குக் கண்ணாடி வாங்கித் தர வசூல் ஆரம்பிக்கலாமா?”

பையைப் படம் எடுத்தாள். ‘இது கெண்டை இல்லை’ என்று தொடங்கி, மீனின் உண்மைப் பெயரையும் எழுதினாள். அனுப்ப விரலைக் கொண்டுபோனபோது கார் நின்றது.

மேடத்தின் வீடு இல்லை. பழைய பாலம்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினார். பையை வாங்கி, அவிழ்க்காமல், அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டார். பைத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

“மேடம்... இது அதுதானே?”

“அதேதான்.”

“அப்புறம் ஏன்...”

“உன் வயசுல நானும் ஒருத்தருக்கு நிழலா இருந்தேன். எங்க சார் ஒரு ஓடை மீனுக்குப் பேர் சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க. பேப்பர்ல படம் வந்தது. அடுத்த வருஷம் ரெண்டு பேருமா அந்த ஓடைக்குப் போனோம்.” மேடம் பையின் முடிச்சை அவிழ்த்தார். “ஓடை மட்டும்தான் இருந்தது.”

சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கல்லிடுக்கில் நுழைந்தன.

“ரெண்டு வருஷம் அலைஞ்சது நீ. நீ எழுதினா நான் தடுக்க மாட்டேன்” என்றார் மேடம், கரையேறியபடி.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கடைக்காரர்.

‘பாப்பா, ஏதோ மஞ்சள் வளையம்னியே, அது என்னது? மச்சான் வலையோட ரெடியா நிக்கறான். போகச் சொல்லவா, வேணாமா?’

அவள் எழுதி வைத்திருந்ததை அழித்தாள். படத்தையும் அழித்தாள்.

‘நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் அண்ணா. வெறும் கெண்டைக் குஞ்சு’ என்று தட்டி அனுப்பினாள்.