கம்பெனி கார்டு

தணிகாசலம் சூப்பர்வைசரின் காலரைப் பிடித்ததும் தகடு அழுத்தும் பிரஸ் லைனே நின்றுவிட்டது.

"இன்னா சார், ரெண்டாவது வருசமா என் பேரு மட்டும் வுட்டுப் போச்சு? நான் இன்னா இளிச்சவாயனா?"

"கையை எடுங்கண்ணே" என்றான் சூப்பர்வைசர் ஐயனார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தணிகாசலத்தைவிடப் பத்து வயது சின்னவன். குரலைக்கூட உயர்த்தவில்லை. அது தணிகாசலத்துக்கு இன்னும் எரிந்தது.

"நேத்து வந்த வேல்ராஜுக்கு இன்க்ரிமெண்ட். உங்க ஊரு ஆளு, ஏத்திவுட்ட. நான் வடக்குப்பட்டுக்காரன். எங்க நெலத்துல கட்டுன கம்பெனில எனக்கே நாமமா?"

ஐயனார் தன் காலரை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"என் வேலைல இன்னா குறை? இத்தினி பேர் எதிர்ல சொல்லு."

"குறை ஒண்ணும் இல்லண்ணே."

"அப்போ?"

ஐயனார் நின்ற லைனை ஓட்டச் சொல்லிக் கை காட்டினான்.

"வுடாத தணிகா, ஹெச்.ஆருக்குப் போ" என்று பின்னாலிருந்து யாரோ தூபம் போட்டார்கள்.

போனான். ஹெச்.ஆர். அறிவுமதி மேடம் ஐயனாரையும் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"இது வெறும் சம்பள விசயம் இல்ல மேடம்" என்று ஆரம்பித்தான் தணிகாசலம். "எம் பொண்ணு கவியாவுக்கு மூட்டு வியாதி. மாசா மாசம் ஊசி. வெளிய வாங்குனா என் மொத்தச் சம்பளமும் பத்தாது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில காசில்லாம சும்மாத்தான் போடுறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா இன்னா கூட்டம்! எம் பொண்டாட்டி காலைல போனா பொழுது சாயத்தான் வூடு வந்து சேர்றா. சம்பளம் ஏறுனவனுக்கெல்லாம் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு குடுத்துட்டீங்க. பெரிய ஆஸ்பத்திரி, ஏசி ரூமு. எம் பொண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"இன்க்ரிமெண்ட் போட்டு உங்களையும் கார்டுல சேர்த்துடலாம். ஆனா சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டுது தணிகாசலம். இனிமே இ.எஸ்.ஐ. கிடையாது, தெரியும்ல?"

"வாணாம் மேடம். அந்தத் தொல்லை போவணும்னுதான காத்துக்கினு கீறேன்."

அப்போதுதான் ஐயனார் வாயைத் திறந்தான்.

"அண்ணே, கையெழுத்துப் போடுததுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான் தணிகாசலம்.

"என் வூட்டப் பத்தி நீ இன்னாத்துக்குப் பேசுற? பொண்டாட்டிய கேட்டுக்கினுதான் நான் சம்பளம் வாங்கணுமா?"

"போதும் ஐயனார்" என்றார் மேடம். "நல்லா வேலை செய்யறவரைப் போய் ரெண்டு வருஷமும் ரிப்போர்ட்ல சுமார்னு எழுதியிருக்கீங்க. காரணம் சொல்லுங்க."

ஐயனார் எழுந்து நின்றான்.

"என் தப்புதான் மேடம்."

"மெமோ வரும். வாங்கிக்குங்க."

தணிகாசலம் சம்பள உயர்வுத் தாளில் கையெழுத்தைப் போட்டான். வெளியே வந்தபோது லைன் ஆட்கள் முதுகில் தட்டினார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கவியாதான் கதவைத் திறந்தாள். ஊசி போட ஆரம்பிப்பதற்கு முன்னால் சுவரைப் பிடித்து நிற்கவே அழுத பெண். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"கங்கா! ஏறிடுச்சு! அந்த ஐயனார் பயல லைன்லயே சட்டையப் புடிச்சி உலுக்கிட்டேன். அவனுக்கு மெமோ. இனிமே நீ இ.எஸ்.ஐ. வாசல்ல நிக்க வாணாம். கம்பெனி கார்டு வருது."

கங்கா அடுப்பை அணைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"பின்ன?"

"வேணாம்னு திருப்பி எழுதிக் குடுக்க முடியாதா?"

"உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு?"

"இ.எஸ்.ஐ. வாசல்ல என்கூட நிப்பாளே தண்டலம் சசிகலா, அவ வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஏறிச்சு" என்றாள் கங்கா. "அவ புள்ளைக்கும் இதே ஊசி. கார்ட எடுத்துக்கினு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா, பெட்டுல சேர்ந்து படுத்தாத்தான் இது செல்லும், வந்து போட்டுக்கினு போற ஊசிக்குச் செல்லாதுன்னுட்டாங்க. கொஞ்ச மாசத்துல இ.எஸ்.ஐ.லயும் பேரை எடுத்துட்டாங்க. அந்தப் புள்ள இப்ப மறுபடியும் படுத்த படுக்கையா கீதுயா."

தணிகாசலம் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேப்பியா நீ? அவனுக்கு ஏறிச்சு, இவனுக்கு ஏறிச்சு, எனக்கு மட்டும் ஏறலன்னு வூட்டையே ரெண்டாக்குவ. அப்பனுக்குச் சம்பளம் ஏறுனா புள்ளைக்கு மருந்து இல்லன்னு எவன் சட்டம் போட்டானோ, அவன் சட்டையப் புடிக்கத் துப்பு இல்ல. லைன்ல நிக்கிறவன் சட்டைதான் உன் கைக்கு எட்டுச்சா?"

அவனுக்கு மறுபடியும் ரத்தம் ஏறியது. யார் மேலாவது ஏற வேண்டியிருந்தது.

"அந்த ஐயனாருக்கு இந்த ரூலெல்லாம் அத்துப்படி! தெரிஞ்சிக்கினே மேடம் எதிர்ல கம்முனு நின்னான் பாரு, அவனெல்லாம் ஒரு மனுசனா?"

கங்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா உனக்குச் சம்பளத்த ஏத்தாதீங்கன்னு அந்தத் தம்பிகிட்ட அழுது கெஞ்சுனது நான். உன் காதுக்குப் போவக் கூடாதுன்னு எம் பொண்ணு மேல சத்தியம் வாங்குனதும் நான்தான்யா."