நல்ல கவனிப்பு

“ஏனுங்க, இந்த ரிசார்ட் எனக்குப் புடிக்கலைங்க. ஊட்டுக்கே போயிரலாமுங்க,” என்றாள் சண்முகப்ரியா.

“வால்பாறைக்கு வந்து ஒரு நாள்கூட ஆகல. என்னாச்சு ப்ரியா?” பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான் கதிரேசன்.

“அந்தச் சமையல்காரம்மா மாசாணி என்னையவே பாத்துட்டு இருக்குதுங்க. ஆப்பிள் நறுக்க வெச்சிருந்த கத்திய எடுத்துட்டுப் போயிருச்சு. பால்கனிக் கதவப் பூட்டிப்போட்டுச்சு. குளிக்கப் போனா வெளிய நின்னு ‘அம்மணி, அம்மணி’ன்னு கூப்பிட்டுட்டே இருக்குது.”

“காசு குடுத்து வந்துருக்கறோம், கவனிக்கறாங்க. நான் எழிலத் தூங்க வெச்சுட்டு வாரேன். அப்புறம் நாம ரெண்டு பேர் மட்டும் வியூ பாயிண்ட் போலாம். அங்கிருந்து பாத்தா ஆழியாறு டேமே தெரியுதாமா.”

மகளைத் தூக்கிக்கொண்டு அவன் உள்ளே போனதும், ப்ரியா நேரே சமையல்கட்டுக்குப் போனாள்.

“என்னைய எதுக்குங்க இப்படி வேவு பாக்கறீங்க?”

மாசாணியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. சார் போன வாரமே எஸ்.டி.டி. போட்டு மேனேஜர்கிட்ட அழுதாருங்களாமா. நீங்க ரெண்டு தடவ உசுர மாய்ச்சுக்கப் பாத்தீங்களாமா. கொஞ்சம் பாத்துக்குங்கன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காருங்க. தங்கமாட்டம் புள்ள இருக்குது, அப்படியெல்லாம் நெனைக்கலாமா கண்ணு?”

ப்ரியா ஒருமுறைகூட அப்படி நினைத்ததில்லை.

“எழில் தூங்கிட்டா,” வாசலில் செருப்பை மாட்டியபடியே கதிரேசன் கூப்பிட்டான். “வா ப்ரியா. பாறை வழுக்குமாமா, பயப்படாத. நான் புடிச்சுக்கறேன்.”