இடப்பக்கத்து நாயனம்

அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து முப்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் விஜயராஜின் ரேடியோ செட் கடையில் ஸ்பீக்கர் பெட்டிகள் மேல் மஞ்சள்நீர்க் கறை இன்னும் போகவில்லை. ஒலித்தரம் குறையாத இரண்டு லாஸ்லெஸ் பாட்டுச் செயலிகளில் எதற்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க, தங்கை உமாராணி அவனுக்கு ஹெட்போனை மாட்டி, பெயர் சொல்லாமல் ஒரே கச்சேரியை மாற்றி மாற்றி ஓட்டுகிறாள். "எதுலண்ணே நாயனம் சுத்தமா இருக்கு?" "ஏளா, ரெண்டுலயும் நாயனமே இல்ல. வெறும் தவிலுல்லா போடுதான்." செயலிகள் ஏமாற்றுகின்றன என்றுதான் முதலில் நினைக்கிறாள். வாங்கித் தன் காதில் வைக்கிறாள். இடப்பக்கம் நாயனம், வலப்பக்கம் தவில். இரண்டு செயலியிலும் பிசிறில்லை. இவன் நேற்றிலிருந்து யார் பேசினாலும் வலக்கன்னத்தையே திருப்புகிறான். இந்தக் காதுகளை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஹெட்போனை மறுபடி மாட்டிவிடுகிறாள். "இப்ப நாயனம் வருதே. தவில எங்களா ஒளிச்ச?" சிரிக்கிறான். "ஹெட்போன இடம்வலம் மாத்தி மாட்டுனேன். வேற ஒண்ணும் செய்யல," என்கிறாள் உமாராணி. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று நீளமாக ஊதுகிறது. அவன் விரல் காது வரை போய் இறங்குகிறது. "அம்மைட்ட சொல்லிராத. கொடையில ஸ்பீக்கர் பெட்டிய ஒட்டியே நின்னேம்லா. அன்னையிலருந்து இடது காது கேக்கல."