சிவப்பு முகம்

வேலை முடிந்த மணி அடிக்கிறது. தையற்கூடத்தின் வாசலில், எங்கள் மனநிலையை அளக்க வைத்திருக்கும் கருவியில் இரண்டு முகங்கள் ஒளிர்கின்றன: பச்சையில் சிரிப்பு, சிவப்பில் அழுகை. பக்கத்தில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாப்பாட்டு நேரம் தவிர கழிப்பறையைப் பூட்டியே வைக்கிறார்கள் என்பதால், இன்று எங்கள் வரிசை மொத்தமும் சிவப்பை அமுக்குவதாகப் பேச்சு. பேசிவைத்தவள் காலர் தைக்கும் அக்காதான். "முன்னாடி போடி, பயந்தாங்கொள்ளி. பின்னாடியே நான் இருக்கேன்ல?" என்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறாள். அந்தக் கை சூடாக இருக்கிறது. சிவப்பை அமுக்குகிறேன். கருவி கரகரவென்று உறுமுகிறது. சூப்பர்வைசர் என் முகத்தையும் கழுத்தில் தொங்கும் அட்டையையும் மாறி மாறிப் பார்க்கிறார். "உனக்கு என்னம்மா குறை?" அக்காவைத் திரும்பிப் பார்க்கிறேன். அவள் விரல் சிவப்புக்கு மேல் சற்றே நின்று, நகர்ந்து, பச்சையில் இறங்குகிறது. கருவி கிணுகிணுவென்று இனிமையாக ஒலிக்கிறது. "சின்னப் பொண்ணு சார். வீட்ல ஏதாவது சண்டையா இருக்கும்" என்கிறாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க அதே கிணுகிணுப்பு. வாசலுக்கு மேலுள்ள மின்பலகையில் எங்கள் மகிழ்ச்சியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பச்சை வெளிச்சம் எல்லோர் நெற்றியிலும் வழிகிறது. "எல்லாரும் கை தட்டுங்கம்மா!" என்கிறார் சூப்பர்வைசர். அக்கா என் மணிக்கட்டுகளைப் பிடித்து, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல், என் கைகளைச் சேர்த்துச் சேர்த்துத் தட்டுகிறாள்.