கடைசியாக எழுந்திருப்பவர்

“கூட்ஸ் வண்டி இன்னிக்காவது நேரத்துக்குப் போய்ச் சேருமா?”

தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து மனைவியைக் கிண்டலாகக் கேட்டான் அந்த வீட்டு மகன். அவள் இன்னும் மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். எதிரே அவன் அப்பாவும் மென்றுகொண்டிருந்தார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிட்டுக் கடைசியாக எழுந்திருப்பவர்தான் மேஜையைத் துடைக்க வேண்டும். மகன் சின்னப் பையனாக இருந்தபோது, தட்டின் முன்னால் கனவு கண்டுகொண்டு உட்காரக் கூடாது என்று அப்பா போட்ட சட்டம். அன்று அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடப் பழகியவன் இன்னும் நிற்கவில்லை. ஐந்தே நிமிஷம், தட்டு காலி. எடை தொண்ணூற்றெட்டு கிலோ. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போவதற்குள் ரெண்டாள் சாப்பாட்டை முடித்துவிடுகிறீர்களே என்று டாக்டர் திட்டாத மாதமில்லை.

சட்டம் போட்டவரையும் அது விடவில்லை. பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு ஒரு வாய் விழுங்கவே வெகுநேரம் ஆனது. கையும் சரியாக வரவில்லை. கடைசி ஆளாக மாட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு, “போதும்” என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுவார். பத்து கிலோ இறங்கிவிட்டார். இன்னும் இறங்கினால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னபோது வீடே ஆடிப்போயிற்று.

நல்லவேளை, இரண்டு மாதமாகத் தேவலாம். தட்டைக் காலி செய்கிறார். நாலு கிலோ ஏறியிருக்கிறது. புது மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தான் மகன்.

மறுநாள் மதியம், மனைவி மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் வேலை செய்யும் தையல் கம்பெனிக்குப் போனான். அங்கே கட்டிங் மாஸ்டர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களாவது சொல்லுங்க சார். நாங்க டப்பாவைத் திறக்கறதுக்குள்ள இவங்க சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போயிடறாங்க. இங்கே இவங்க பேரே எக்ஸ்பிரஸ். உடம்புக்கு ஆகுமா இது?”

அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் மேஜையைத் துடைப்பது அவள்தான்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும், மருமகள் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“டேய், அந்தப் பொண்ணைக் கிண்டல் பண்றதை விடு. அவளுக்கு மெதுவாத்தான் சாப்பிட வரும்போல. தனியா விட்டுட்டு எழுந்திருக்க எனக்கு மனசு வரலை. அதான், பசி இல்லாட்டியும் ரெண்டு வாய் கூடப் போட்டுக்கிட்டுத் துணைக்கு உட்கார்ந்திருக்கேன். அவகிட்ட சொல்லிடாதே, வருத்தப்படுவா.”

மகன் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மேஜையைத் துடைத்தது அவன்தான்.